லினக்ஸில் ஆடியோ சர்வர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்தம் வரவில்லை என்று என்னிடம் கேட்பவர்களில் பலர், கேட்பதற்கு முன்பே இரண்டு பேக்கேஜை நீக்கி வேறு மூன்றை நிறுவியிருப்பார்கள். அதன்பிறகு, முதலிலேயே இருந்த கோளாறு எது, கை வைத்ததால் வந்தது எது என்று பிரித்துப் பார்ப்பதே பெரிய வேலையாகிவிடுகிறது. எதையும் நீக்குவதற்கு முன், சவுண்ட் கார்டு இந்த நிமிடம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் போகின்றன.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். முதல் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் பெயரின் மீதியை அதுவே நிரப்பும்.

ஆல்சா, பல்ஸ்ஆடியோ, ஜாக், பைப்வயர் என்று நான்கு பெயர் அடிபடுகிறதே, எதற்கு இத்தனை?

நான்கும் ஒரே வேலைக்குப் போட்டி போடுபவை அல்ல. ஆல்சாதான் அடித்தளம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் இருக்கும் ட்ரைவர்களும், அவற்றோடு பேச நிரல்களுக்கு உதவும் ஒரு லைப்ரரியும் சேர்ந்தது அது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் அது முதன்மை ஒலி அமைப்பானது. அதற்கு முன்பிருந்த ஓஎஸ்எஸ் ஒதுங்கியது. நிரல்களின் ஒலியை வாங்கிக் கார்டுக்குக் கொடுக்கும் இடைத்தரகர்தான் ஆடியோ சர்வர். உங்கள் கணினியில் எந்த ஆடியோ சர்வர் ஓடினாலும், உள்ளே இருக்கும் சவுண்ட் கார்டையும் யுஎஸ்பி கார்டையும் அது தொடுவது ஆல்சா வழியாகத்தான். ஆகவே ஆல்சாவை நீக்கிவிட்டு பைப்வயர் போடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை.

இன்றைய லேப்டாப்பில் இருக்கும் சாதாரண கார்டு, ஸ்பீக்கருக்கு ஒரு நேரத்தில் ஒரு நிரலிடமிருந்துதான் ஒலியை வாங்கும். ஒரு பக்கம் பாட்டு ஓடுகிறது, இன்னொரு பக்கம் அழைப்பு வருகிறது என்றால், இரண்டையும் கலந்து ஒன்றாக்கி கார்டுக்குக் கொடுக்க நடுவில் ஒருவர் வேண்டும். ஆல்சாவிலேயே டிமிக்ஸ் என்ற கலக்கும் வசதி உண்டு. ஆனால் ஒவ்வொரு நிரலுக்கும் தனி ஒலியளவு, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை அப்படியே ஸ்பீக்கரிலிருந்து ஹெட்போனுக்கு மாற்றுவது போன்றவை அதில் இல்லை. அந்த இடத்துக்கு வந்தது பல்ஸ்ஆடியோ. லெனார்ட் போட்டரிங் 2004-இல் போலிப்ஆடியோ என்ற பெயரில் தொடங்கியது அது. 2007 நவம்பரில் ஃபெடோரா 8, அடுத்த ஏப்ரலில் உபுண்டு 8.04 என்று மெல்ல எல்லோருடைய மேசைக்கும் வந்து சேர்ந்தது.

ஜாக் இசைப்பதிவு செய்பவர்களுக்கானது. கிட்டாரை மீட்டிய கணத்தில் ஹெட்போனில் கேட்க வேண்டும், ஒரு நிரலின் ஒலியை இன்னொன்றுக்கு வயர் இழுப்பதுபோல் இணைக்க வேண்டும் என்ற தேவைக்காக, 'ஆர்டர்' என்ற ஒலிப்பதிவு மென்பொருளை எழுதிய பால் டேவிஸ் தொடங்கியது. பல்ஸ்ஆடியோவின் அக்கறை வசதியிலும் மின்சேமிப்பிலும். ஜாக்கின் அக்கறை நேரத்தில். இரண்டுக்கும் கார்டு முழுசாகத் தன் கையில் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் லினக்ஸ் இசைக்காரர்கள் பட்ட பாடு முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கும்.

பைப்வயரை விம் டேமன்ஸ் எழுதத் தொடங்கியது வீடியோவுக்காக. பிறகு அது ஒலியையும் எடுத்துக்கொண்டது. பல்ஸ்ஆடியோவோடும் ஜாக்கோடும் பேசத் தெரிந்த பழைய நிரல்கள் எதையும் மாற்றாமல், அந்த இரண்டின் இடத்திலும் தானே உட்கார்ந்து பதில் சொல்வதுதான் அதன் சிறப்பு. 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34, 2022 அக்டோபரில் உபுண்டு 22.10 ஆகியவை அதற்கு மாறின. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இன் க்னோம் மேசையும் (டெஸ்க்டாப்) அப்படியே. 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. எந்த ஒலி எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது மட்டும் பைப்வயர் அல்ல, வயர்பிளம்பர் என்ற தனி நிரல். பைப்வயர் ஓடியும் சத்தம் வரவில்லை என்றால், வயர்பிளம்பர் ஓடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

என் கணினியில் இப்போது ஓடுவது பல்ஸ்ஆடியோவா பைப்வயரா?

பேக்டிஎல் இன்ஃபோ என்று தட்டுங்கள். வரும் விவரத்தில் 'சர்வர் நேம்' என்ற வரியைப் பாருங்கள். வெறும் பல்ஸ்ஆடியோ என்று இருந்தால் பழைய சர்வர்தான். 'பல்ஸ்ஆடியோ ஆன் பைப்வயர்' என்று ஒரு பதிப்பு எண்ணோடு வந்தால், பல்ஸ்ஆடியோவின் இடத்தில் உட்கார்ந்து பதில் சொல்வது பைப்வயர். 'கனெக்‌ஷன் ரெஃபியூஸ்டு' என்று வந்தால் இரண்டுமே பதில் சொல்லவில்லை.

பேக்கேஜ் பட்டியலைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். உபுண்டு 22.04-இல் பைப்வயர் நிறுவப்பட்டிருக்கும், ஓடிக்கொண்டும் இருக்கும். ஆனால் அது திரையைப் பகிர்வதற்காக. அங்கே ஒலியைக் கவனிப்பது பல்ஸ்ஆடியோதான். இது தெரியாமல், பைப்வயர்தான் ஓடுகிறதே, பல்ஸ்ஆடியோ எதற்கு என்று அதைத் தூக்கிவிட்டு ஊமையான கணினிகளை நிறைய பார்த்திருக்கிறேன்.

'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று வருகிறது. என்ன செய்வது?

தெருக் குழாயில் ஒருவர் குடத்தை வைத்துவிட்டால் மற்றவர் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் இந்தச் செய்தியின் பொருள். கார்டு கெட்டுப்போகவில்லை, ட்ரைவரும் சரியாகவே இருக்கிறது. வேறு ஏதோ ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கிறது.

யார் என்று பார்க்க ஃப்யூசர் என்ற கட்டளை உண்டு. சுடோ, ஃப்யூசர், மைனஸ் வி என்று தட்டி, அதன்பின் டெவ் அடைவுக்குள் இருக்கும் எஸ்என்டி அடைவின் எல்லாக் கோப்புகளையும் நட்சத்திரக் குறியால் காட்டுங்கள். சுடோ என்பது நிர்வாகியான ரூட்டின் அதிகாரத்தோடு ஓட்டுவது. அது இல்லாவிட்டால் மற்ற பயனர்களின் நிரல்கள் கண்ணில் படாது. ஒளிந்திருப்பது பல நேரம் அங்கேதான்.

வரும் பட்டியலில் 'கண்ட்ரோல்' என்று தொடங்கும் கோப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை ஒலியளவு, பிளக் செருகப்பட்டதா போன்ற தகவலுக்கு. பலர் ஒரே நேரத்தில் திறந்து வைக்கலாம். வயர்பிளம்பர் எப்போதும் அங்கே நிற்கும். பார்க்க வேண்டியது 'பிசிஎம்' என்று தொடங்கும் பெயர்களை. கடைசி எழுத்து பி என்றால் ஒலிக்கும் பக்கம், சி என்றால் மைக் பக்கம். அந்த வரிக்கு நேராக இருக்கும் பெயர்தான் கார்டைப் பிடித்திருப்பவர். நீங்கள் நம்பியிருக்கும் ஆடியோ சர்வரின் பெயரே அங்கே இருந்தால், கார்டு அதனிடம் இருப்பதுதான் முறை. பிஸி என்று புலம்பும் நிரல் அந்தச் சர்வரைத் தாண்டி நேராகக் கார்டுக்குப் போகப் பார்க்கிறது. அந்த நிரலின் அமைப்பில் 'எச்டபிள்யூ' என்று தொடங்கும் கருவி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். அதை 'டிஃபால்ட்' அல்லது 'பல்ஸ்' என்று மாற்றினால் வேலை முடிந்தது.

சர்வர் அல்லாத வேறொரு பெயர் அங்கே இருந்தால், அந்த நிரலை மூடிவிட்டு மறுபடி பாருங்கள். நான் அதிகம் பார்த்தவை, பின்னணியில் ஓடும் இசைச் சேவை (டீமன்), மூடியதாக நினைத்த ஒலிப்பதிவு மென்பொருள், இன்னொரு பயனர் கணக்கில் வெளியேறாமல் விட்ட அமர்வு ஆகிய மூன்றும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கார்டை ஒருவரிடமிருந்து ஒருவர் மரியாதையாகக் கேட்டு வாங்கும் ஒரு முறை, நிரல்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் டீ-பஸ் வழியாக இருக்கிறது. ஜாக்2 கிளம்பும்போது, எனக்குக் கார்டு வேண்டும் என்று கேட்கும். பல்ஸ்ஆடியோவோ வயர்பிளம்பரோ விட்டுக்கொடுக்கும். ஜாக் நின்றதும் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் டீ-பஸ் ஆதரவு இல்லாமல் கட்டப்பட்ட ஜாக்கும், சுடோ போட்டுக் கிளப்பிய ஜாக்கும் கேட்காமலே கதவைத் தள்ளும். அப்போது பிஸிதான். பழைய பல்ஸ்ஆடியோ ஓடும் கணினியில், பாசஸ்பெண்டர் என்ற கட்டளைக்குப் பின்னால் அந்த நிரலின் பெயரைத் தட்டினால், அது ஓடி முடியும்வரை பல்ஸ்ஆடியோ கார்டை விட்டு விலகி நிற்கும்.

அமைப்புகளில் 'டம்மி அவுட்புட்' மட்டும்தான் இருக்கிறது.

சர்வர் ஓடுகிறது, அதன் கையில் கார்டு இல்லை என்று பொருள். நிரல்கள் தடுமாறாமல் இருக்க ஒரு பொய்க் கருவியைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஏபிளே மைனஸ் எல் என்று தட்டுங்கள், எல் சிற்றெழுத்தில். இது சர்வரைக் கேட்காமல் கர்னலையே கேட்கும். கார்டுகள் பட்டியலில் வந்தால் கர்னல் பக்கம் சரி. வேறொருவர் கார்டைப் பிடித்திருக்கிறார், அல்லது வயர்பிளம்பர் ஓடவில்லை, அல்லது கார்டின் ப்ரொஃபைல் 'ஆஃப்' என்று வைக்கப்பட்டிருக்கிறது. கடைசியாகச் சொன்னதைப் பார்க்க பாவுகண்ட்ரோல் என்ற நிரலைத் திறந்து கடைசிப் பக்கமான 'கான்ஃபிகரேஷன்' தாவலுக்குப் போங்கள்.

கார்டே இல்லை என்று ஏபிளே சொன்னால், ஆடியோ சர்வரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. புது இன்டெல் லேப்டாப்பாக இருந்தால், சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் கோப்புகள் நிறுவப்படாமல் இருக்க வாய்ப்பு அதிகம். டெபியனில் ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு, ஆர்ச்சிலும் ஃபெடோராவிலும் சோஃப்-ஃபர்ம்வேர், ஃபெடோராவில் பெயருக்கு முன்னால் ஆல்சா சேர்த்து. நிறுவிவிட்டு கணினியை மறுபடி கிளப்புங்கள். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் விவரத்தில் சோஃப் என்று தேடினால், ஃபர்ம்வேர் கிடைக்காமல் ட்ரைவர் நின்றிருந்தால் அது அங்கே எழுதியிருக்கும்.

கார்டு இருக்கிறது, சர்வரும் அதைக் காட்டுகிறது, ஆனாலும் அமைதி என்றால், ஆல்சாமிக்ஸரைத் திறந்து எஃப்6 விசையால் உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். அடியில் 'எம்எம்' என்று இருக்கும் பத்திகள் வாய் மூடப்பட்டவை. எம் விசையை அழுத்தினால் திறக்கும். எளிய விஷயம்தான், ஆனால் இதைப் பார்க்காமலே மணிக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

பல்ஸ்ஆடியோ, பைப்வயர் இரண்டும் நிறுவப்பட்டிருக்கின்றன. ஒன்றை நீக்க வேண்டுமா?

இரண்டும் வட்டில் இருப்பதால் மட்டும் தொந்தரவு இல்லை. இரண்டும் ஒலிக்காக ஓடினால்தான் தொந்தரவு. பல்ஸ்ஆடியோ மொழியில் பேசும் நிரல்கள் எல்லாம் ஒரே ஒரு சாக்கெட்டின் கதவைத்தான் தட்டும். அது உங்கள் பயனர் எண்ணுக்கான ரன் அடைவில் இருக்கிறது. யார் முதலில் எழுந்து அந்தக் கதவின் பின்னால் நிற்கிறாரோ அவரே அன்றைய சர்வர். ஒரு நாள் சத்தம் வருகிறது, மறுநாள் வரவில்லை என்று சொல்பவர்களின் கணினியில் பெரும்பாலும் இந்த ஓட்டப்பந்தயம்தான் நடக்கிறது.

பைப்வயருக்கே போவது என்று முடிவு செய்தால், பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர் மூன்றும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். டெபியன் 12-இல் பைப்வயர்-ஆடியோ என்ற ஒற்றைப் பேக்கேஜ் தேவையானதை எல்லாம் இழுத்துக்கொண்டு வரும். அப்புறம் பழைய பல்ஸ்ஆடியோவை உறங்க வையுங்கள். சிஸ்டம்சிடிஎல், இரட்டை மைனஸ் யூசர், மாஸ்க் என்று தட்டி, பல்ஸ்ஆடியோவின் சர்வீஸ், சாக்கெட் இரண்டையும் கொடுங்கள். சர்வீஸை மட்டும் நிறுத்தினால், எவரோ கதவைத் தட்டிய மறுகணம் சாக்கெட் அதை மறுபடி எழுப்பிவிடும்.

நீக்கியே ஆக வேண்டும் என்றால், பல்ஸ்ஆடியோ என்ற சர்வர் பேக்கேஜை மட்டும் நீக்குங்கள். லிப்பல்ஸ் என்று தொடங்குபவை நிரல்கள் பேசப் பயன்படுத்தும் லைப்ரரி. பைப்வயர் வந்த பிறகும் அவை வேண்டும். அவற்றில் கை வைத்தால் பாதி மேசையே கிளம்பிப்போகும். ஒய் விசையை அழுத்தும் முன், நீக்கப்போகும் பட்டியலைக் கடைசி வரிவரை படியுங்கள். க்னோம், மேட், டெஸ்க்டாப் என்ற சொற்கள் அதில் தென்பட்டால் வேண்டாம் என்று வெளியே வந்துவிடுங்கள். பல்ஸ்ஆடியோ-யூட்டில்ஸ் பேக்கேஜும் இருக்கட்டும். பேக்டிஎல் அதில்தான் இருக்கிறது.

மற்ற எல்லாவற்றிலும் சத்தம் வருகிறது, ஒரு நிரலில் மட்டும் வரவில்லை.

அந்த நிரல் எந்த மொழியில் பேசுகிறது என்று பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 2017-இல் வந்த 52-ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸில் பல்ஸ்ஆடியோ மொழியைத்தான் எதிர்பார்க்கிறது. அதாவது பைப்வயர்-பல்ஸ் ஓடவில்லை என்றால் அது ஊமை. மாறாக, பழைய விளையாட்டுகளும் சில டெர்மினல் நிரல்களும் ஆல்சா மொழியில் மட்டும் பேசும். அவை 'டிஃபால்ட்' என்று கேட்கும்போது அந்தப் பெயரைச் சர்வரின் பக்கம் திருப்பிவிட ஒரு சிறு பாலம் வேண்டும். பைப்வயர்-ஆல்சா என்ற பேக்கேஜ் அந்தப் பாலம்.

இது எல்லாம் சரியாக இருந்தும் ஆல்சா நிரல்கள் மட்டும் முரண்டு பிடித்தால், உங்கள் ஹோம் அடைவில் புள்ளியில் தொடங்கும் ஏசவுண்ட்ஆர்சி என்ற மறைகோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எட்ஸி அடைவிலும் புள்ளி இல்லாமல், ஏசவுண்ட் டாட் கான்ஃப் என்று ஒன்று இருக்கலாம். என் பழைய கணினியில் இரண்டு மாலைகள் இதற்குப் போயின. பல வருடம் முன்பு எச்டிஎம்ஐ-க்காக எங்கோ பார்த்து ஒட்டிய நான்கு வரிகள், டிஃபால்ட்டை நேராகக் கார்டுக்குத் திருப்பிக்கொண்டிருந்தன. ஹோம் அடைவை அப்படியே புதுக் கணினிக்கு நகலெடுத்ததால் கோப்பும் கூடவே வந்துவிட்டது. அழிக்க வேண்டாம், பெயரை மாற்றிப் பாருங்கள். சத்தம் வந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

ஓஎஸ்எஸ் காலத்து நிரல் என்றால் அது தேடும் டிஎஸ்பி கோப்பே இன்று இருக்காது. பாடிஎஸ்பி என்ற கட்டளையை முன்னால் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

பைப்வயர் ஓடுகிறது. ஆனாலும் 'ஆர்டர்' ஜாக் சர்வர் இல்லை என்கிறது.

நிரல் இன்னும் உண்மையான ஜாக்கின் லைப்ரரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பைப்வயரின் ஜாக் லைப்ரரி தனியாக ஓர் அடைவில் கிடக்கிறது, யாரும் அங்கே பார்க்கச் சொல்லவில்லை. சோதிக்க, பிடபிள்யூ-ஜாக் என்ற சொல்லை நிரலின் பெயருக்கு முன்னால் சேர்த்து டெர்மினலில் கிளப்புங்கள். வேலை செய்தால் நிரந்தரமாக்கலாம். டெபியனிலும் உபுண்டுவிலும் பைப்வயரின் டாக் அடைவில் எக்ஸாம்பிள்ஸ் என்பதன் கீழ் இதற்கான ஒரு கான்ஃப் கோப்பு இருக்கும். அதை எட்ஸி அடைவின் எல்டி டாட் எஸ்ஓ டாட் கான்ஃப் டாட் டி-க்குள் நகலெடுத்துவிட்டு, சுடோவோடு எல்டிகான்ஃபிக் ஓட்டினால் போதும். ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் அந்த வேலையைப் பேக்கேஜே செய்துவிடுகிறது.

அதற்குப் பிறகு கியூஜாக்கண்ட்ரோலில் 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்த வேண்டாம். அது உண்மையான ஜாக்கைக் கிளப்பி, அடங்கிய சண்டையைத் திரும்ப மூட்டும். இணைப்புகளைப் பார்க்க கியூபிடபிள்யூகிராஃப் அல்லது ஹெல்வம் போதும்.

பைப்வயரை விட்டு பழைய ஜாக்கிலேயே இருப்பது தவறா என்று கேட்பவர்களும் உண்டு. தவறே இல்லை. பதிவு செய்வதற்கென்றே ஒதுக்கிய கணினியில் ஜாக் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் அதைத் தொடாதீர்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் கரகரக்கிறது, விட்டுவிட்டு வருகிறது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பைப்வயர் ஒலியைச் சிறு சிறு துண்டுகளாகக் கார்டுக்குக் கொடுக்கிறது. ஒரு துண்டின் அளவுக்கு குவாண்டம் என்று பெயர். வழக்கமாக நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒரு துண்டில் 1,024. வகுத்தால் ஒரு துண்டு சுமார் 21 மில்லிநொடி. அந்த நேரத்துக்குள் அடுத்த துண்டு தயாராகாவிட்டால் ஓட்டை விழும். காதில் 'டிக்' என்று கேட்கும். துண்டை 256-ஆகக் குறைத்தால் 5.3 மில்லிநொடி, 64 என்றால் 1.3 மில்லிநொடிதான். பாடகருக்கு அது வேண்டும். படம் பார்ப்பவருக்கு வேண்டியதில்லை.

எல்லோரும் ஒரே துண்டளவில் ஓடுவதால், ஒரு நிரல் சிறிய அளவு கேட்டால் அதோடு சேர்ந்த மற்றவர்களும் அந்த வேகத்துக்கு இழுபடுவார்கள். பிடபிள்யூ-டாப் என்று தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு நிரலும் எந்த அளவில் ஓடுகிறது என்பது 'குவான்ட்' பத்தியிலும், எத்தனை முறை தவறவிட்டது என்பது 'ஈஆர்ஆர்' பத்தியிலும் தெரியும். கரகரப்பு கேட்கும் அதே கணத்தில் எவருடைய எண் கூடுகிறதோ அவரைக் கவனியுங்கள்.

தற்காலிகமாகத் துண்டை வலுக்கட்டாயமாகப் பெரிதாக்க, பிடபிள்யூ-மெட்டாடேட்டா, மைனஸ் என், செட்டிங்ஸ், 0, கிளாக் டாட் ஃபோர்ஸ்-குவாண்டம், 2048 என்று வரிசையாகத் தட்டுங்கள். கரகரப்பு நின்றால் நோய் இதுதான். கடைசி எண்ணை 0 ஆக்கினால் பழைய நிலை திரும்பும். நிரந்தரமாக வேண்டும் என்றால் ஹோமில் கான்ஃபிக் அடைவின் பைப்வயர் பகுதியில் பைப்வயர் டாட் கான்ஃப் டாட் டி என்ற அடைவை உண்டாக்கி, அதில் ஒரு சிறு கோப்பில் மின்-குவாண்டத்தை, அதாவது குறைந்தபட்சத் துண்டளவை, 512 அல்லது 1024 என்று வையுங்கள். யுஎஸ்ஆர் அடைவில் இருக்கும் மூலக் கோப்பில் எழுதாதீர்கள். அடுத்த மேம்படுத்தலில் அது போய்விடும்.

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் ஒயினில் ஓடும் விளையாட்டில் மட்டும் கரகரப்பு என்றால், பல்ஸ்_லேட்டன்சி_எம்செக் என்ற மாறியை, பேரெழுத்தில், 60 என்று வைத்து அந்த விளையாட்டைக் கிளப்புங்கள். மற்றவர்களைப் பாதிக்காது.

எல்லா நிரலிலும், எந்த அளவிலும் கரகரப்பு நிற்கவில்லை என்றால், ஆர்டிகிட் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆடியோ சர்வருக்கு மற்ற நிரல்களைவிட முன்னுரிமை வாங்கித் தருவது அது. பாட்டு தொடங்கும்போதும் நின்றபின்னும் 'டப்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால், அது சர்வர்களின் சண்டையில் சேராது. கார்டு மின்சாரம் மிச்சப்படுத்தத் தூங்கி எழுகிறது. எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் ட்ரைவரின் பவர்_சேவ் மதிப்பை 0 ஆக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ப்ளூடூத் ஹெட்போனில் பாட்டு நன்றாக வருகிறது. அழைப்பு வந்தால் தகர டப்பாவில் பேசுவதுபோல் ஆகிறது.

இதற்குச் சர்வரைக் குறை சொல்ல முடியாது. ஏ2டிபி என்ற ப்ரொஃபைல் நல்ல ஸ்டீரியோ தரும், ஆனால் மைக் கிடையாது. எச்எஃப்பி-யில் மைக் உண்டு, ஆனால் ஒலி மோனோ. ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை எம்எஸ்பிசி என்றால் நொடிக்கு 16,000 மாதிரிகள், பழைய சிவிஎஸ்டி என்றால் 8,000. அழைப்பு நிரல் ஹெட்போனின் மைக்கைத் திறந்ததும் வயர்பிளம்பர் இரண்டாவதற்கு மாற்றுகிறது. அந்த நிரலில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒலி பழைய தரத்திலேயே இருக்கும்.

இணைப்பே மறுக்கப்பட்டால், டெபியன் வகைக் கணினியில் லிப்ஸ்பா-0.2-ப்ளூடூத் பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். பல்ஸ்ஆடியோவில் இருந்து மாறும்போது பலரும் விட்டுவிடுவது இதை.

சுடோ போட்டால் சத்தம் வருமா? ஆடியோ குழுவில் என்னைச் சேர்க்க வேண்டுமா?

இரண்டுக்கும் பொதுவாக வேண்டாம் என்பதே பதில். ஆடியோ சர்வர் உங்கள் பெயரில், உங்கள் அமர்வுக்குள் ஓடுகிறது. சுடோவோடு ஒரு நிரலைக் கிளப்பினால் அது ரூட்டின் வீட்டில் சர்வரைத் தேடும். அங்கே யாரும் இல்லை. பல்ஸ்ஆடியோ இருந்தால் ரூட்டின் பெயரில் இன்னொன்று கிளம்பிக் கார்டைக் கைப்பற்றவும் கூடும்.

திரையின் முன் அமர்ந்திருக்கும் பயனருக்குக் கார்டைத் தொடும் அனுமதியை சிஸ்டம்டி-லாகின்ட் தானாகக் கொடுக்கிறது. ஆடியோ குழுவில் சேர்த்தால், நீங்கள் திரையின் முன் இல்லாதபோதும் உங்கள் நிரல்கள் கார்டைப் பிடிக்கலாம். ஒரே கணினியை இருவர் பகிரும் வீட்டில் பிஸி செய்தி வருவதற்கு இதுவும் ஒரு வழி. ஜாக்குக்கு முன்னுரிமை தருவதற்காகச் சேர்ப்பது தனி விஷயம், அது சரி.

ஆர்கா திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவரின் கணினியைச் சரிசெய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டியவர்கள் அதிகம். பார்வையற்ற ஒருவருக்கு ஆடியோ சர்வர் நின்றால் திரையே அணைந்த மாதிரி. ஈஸ்பீக் என்ஜி-யில் தமிழ்க் குரல் இருப்பதால் ஆர்காவைத் தமிழில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் டெர்மினலைக் கொடுத்து, முதலில் பல்ஸ்ஆடியோவை நிறுத்துங்கள், அப்புறம் அடுத்த கட்டளையைத் தட்டுங்கள் என்று சொல்லக் கூடாது. நிறுத்திய பிறகு அடுத்த கட்டளையை அவர் எப்படிக் கேட்பார்?

நிறுத்துவதையும் கிளப்புவதையும் ஒரே வரியில் எழுதுங்கள். சிஸ்டம்சிடிஎல், இரட்டை மைனஸ் யூசர், ரீஸ்டார்ட், அதன்பின் பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர் என்று மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் சில நொடியில் ஒலி திரும்பும். குரல் மட்டும் திரும்பாவிட்டால், க்னோமில் சூப்பர், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி ஆர்காவை அணைத்து, அதையே மறுபடி அழுத்திக் கிளப்பலாம். பேக்கேஜை மாற்றும் வேலை என்றால், அதற்கு முன்பே எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு கணினியிலிருந்து உள்ளே நுழைய முடிகிறதா என்று சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுவரை சரியாக இருந்தது. மேம்படுத்திய பிறகு சத்தம் இல்லை.

முதலில் மேலே சொன்ன ரீஸ்டார்ட் வரி. அதற்கும் அசையவில்லை என்றால், வயர்பிளம்பர் எதையோ தவறாக நினைவில் வைத்திருக்கலாம். ஹோமில் லோக்கல், ஸ்டேட் என்ற அடைவுகளின் கீழ் அதன் நினைவு இருக்கிறது. அந்த வயர்பிளம்பர் அடைவின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி கிளப்புங்கள், புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். நீங்கள் வைத்திருந்த ஒலியளவும் தேர்ந்தெடுத்த கருவியும் மட்டும் போகும்.

வயர்பிளம்பருக்கு நீங்களே அமைப்புக் கோப்பு எழுதியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். 2024-இல் வந்த 0.5 பதிப்பு, லுவா மொழியில் எழுதிய பழைய அமைப்புக் கோப்புகளைப் படிப்பதில்லை. பிழை எதுவும் பெரிதாகச் சொல்லாது, உங்கள் விதிகள் செயல்படாமல் போகும். புது வடிவத்தில் மாற்றி எழுத வேண்டியதுதான்.

எல்லாம் பார்த்தாயிற்று. உதவி கேட்கும்போது என்ன விவரம் கொடுக்க வேண்டும்?

டிஸ்ட்ரோவின் (உபுண்டு, டெபியன் போன்றவை) பெயரும் பதிப்பும். பேக்டிஎல் இன்ஃபோ, ஏபிளே மைனஸ் எல், வயர்பிளம்பரின் நிலையைக் காட்டும் டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ், சுடோவோடு ஃப்யூசர், இந்த நான்கின் விவரமும் முழுசாக. படமாக வேண்டாம், எழுத்தாக ஒட்டுங்கள். படத்தைத் தேட முடியாது, திரைவாசிப்பான் படிக்காது. கடைசியாக, கேட்பதற்கு முன் நீங்கள் எதை நீக்கினீர்கள், எதை நிறுவினீர்கள் என்பதையும் வரிசையாகச் சொல்லுங்கள். டெபியன் வகையில் வார், லாக், ஏபிடி அடைவுகளின் கீழ் ஹிஸ்டரி என்ற பதிவில் அது நாள் நேரத்தோடு இருக்கிறது. நான் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.